வட்டத்துக்குள் ஒரு பென்சில் புள்ளி

என் கையெழுத்து நன்றாக இருந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு டாக்டர் தன் வீட்டு மாடியில் ரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருந்தார். நான் படிப்பை முடித்துவிட்டு அங்கே டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். மதுராந்தகத்திலிருந்து காலை ரயிலில் வருவேன், சாயங்கால ரயிலில் திரும்புவேன். சேர்ந்த முதல் வாரமே டாக்டர் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் குடும்பப் படங்களை எல்லாம் நீயே வரை என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

குடும்பப் படம் என்றால் போட்டோ இல்லை. ஆணுக்கு ஒரு சதுரம், பெண்ணுக்கு ஒரு வட்டம். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே ஒரு கோடு, அதிலிருந்து பிள்ளைகளுக்குக் கீழே இறங்கும் கோடுகள். செத்துப்போனவர் மேல் ஒரு குறுக்குக்கோடு. நோய் உள்ளவரின் கட்டத்தை மையால் நிரப்பிவிட வேண்டும். தனக்கு நோய் இல்லாமல், பிள்ளைக்கு மட்டும் கொடுக்கக்கூடிய பெண் என்றால் அவள் வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி.

டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். பரம்பரையாக வரும் நோய்கள்தான் அவருக்குப் பைத்தியம். இந்த மாதிரி நோய்களில் உடம்பு செய்ய வேண்டிய ஏதோ ஒரு பொருள் குறைகிறது, அல்லது கோணலாக வந்துவிடுகிறது. அதைச் செய்யச் சொல்லும் உத்தரவு தாய் தகப்பனிடமிருந்து வரும்போதே தப்பாக வந்திருக்கிறது என்பார். இன்றைக்கு ஒரு சொட்டு ரத்தத்தை வைத்து அந்தத் தப்பு எந்த எழுத்தில் இருக்கிறது என்பது வரை படித்துவிடுகிறார்கள். அன்று எங்களிடம் இருந்தவை பென்சில், ஸ்கேல், ரப்பர். அப்புறம் ஜனங்கள் வாயால் சொன்னது.

அந்தக் குடும்பம் மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்திலிருந்து வந்தது. மூன்று பேர். பதினோரு வயதுப் பையன் ஒருவன்; அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேறி வந்த அக்கா, அவளுக்கு இருபது வயது இருக்கும்; பின்னால் நாற்பதை ஒட்டிய ஓர் அம்மாள். பெரிய பையனை இடுப்பில் தூக்கி வருகிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இறக்கிவிட்ட பிறகுதான் அவன் முழங்காலைப் பார்த்தேன். இளநீர்க்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அவள் வயிறும் லேசாக மேடிட்டிருந்தது. மூன்று மாதம் என்றாள்.

அந்த அம்மாள் என்னை நர்ஸம்மா என்று கூப்பிட்டாள். நான் நர்ஸ் இல்லை என்றேன். சரி நர்ஸம்மா என்றாள். அதோடு திருத்துவதை விட்டுவிட்டேன்.

ரத்தம் உறைகிற நேரம் பார்ப்பது என் வேலை. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். பையனுடைய குழாய் ஒன்று, அக்காவுடையது ஒன்று, அந்த அம்மாளுடையது ஒன்று. பையன் மேசையோரமாக உட்கார்ந்து அதை ஒரு பந்தயமாகவே ஆக்கிவிட்டான். அக்காவுடையது முதலில் கட்டியானது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளுடையதும் ஆனது. அவனுடையது அரை மணி கழிந்தும் தண்ணீராக ஓடியது.

"என்னுது தோத்துடிச்சாக்கா?" என்றான் என்னிடம்.

இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். அவன் அதை நம்பிக் காத்திருந்தான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

மெட்ராஸில் பெரிய லேப் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்ததில், ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களில் எட்டாவது பையனிடம் இல்லவே இல்லை என்று வந்தது. இந்த நோய் ஆண்களைத் தாக்கும், பெண்கள் வழியாக இறங்கும். குடும்பப் படம் முழுதாக வேண்டும், ஊருக்கே போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வா, வகை பார்க்க ரத்தமும் எடுத்துக்கொண்டு வா என்று டாக்டர் என்னை அனுப்பினார்.

திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ். அன்று கிருத்திகையோ என்னவோ, மலைக்கு வந்த கூட்டம் பஸ்ஸில் தொங்கியது. நான் தெர்மாஸ் குடுவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கி, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் குப்பத்துக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அவர்கள் வீட்டில் தரையில் பாய் போட்டு உட்காரச் சொன்னார்கள். பையன் சுவரோரமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தான். அக்கா அவன் முழங்காலில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அவளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

நான் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அப்பா எங்கே என்றேன். கடலோடு போய்விட்டார், புயலில் கட்டுமரம் கவிழ்ந்துவிட்டது என்றாள் அக்கா. ஒரு சதுரம் வரைந்து குறுக்கே கோடு போட்டேன். வேறு யாருக்காவது இப்படி ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா என்றேன். மாமாவுக்கு இருந்தது, பல் பிடுங்கப் போய் மூன்றாம் நாள் செத்தார் என்றாள். அம்மாவின் தம்பியா என்று அந்த அம்மாளைக் காட்டிக் கேட்டேன். அந்த அம்மாளே, ஆமாம், என் கூடப்பிறந்தவன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு சதுரத்தை மையால் நிரப்பினேன்.

எங்கள் வீட்டில் எனக்கு ஆறு தம்பிகள். அதில் கூடப்பிறந்தவன் ஒருவன்தான், மற்றவர்கள் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். அதனால் தம்பி என்ற சொல்லை அப்படியே நம்பக்கூடாது என்று எனக்குத் தெரியும். பையனைக் காட்டி அக்காவிடம் கெட்டிக்காரத்தனமாகக் கேட்டேன், இவன் உன் கூடப்பிறந்த தம்பிதானே என்று.

அவள் அந்த அம்மாளை ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமாக்கா. கூடப்பொறந்தவன்தான்."

நான் எழுதிக்கொண்டேன். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன். ஏதோ அம்மாவிடம் அனுமதி கேட்கிறாள் என்று நினைத்தேன்.

படம் அவ்வளவு கச்சிதமாக அமைந்தது. மாமாவுக்கு நோய், தம்பிக்கு நோய், நடுவில் அம்மா. பாடப்புத்தகத்தில் போடுவது போலவே இருந்தது. கிளம்பும்போது அந்த அம்மாள், இது எப்படி வருகிறது என்று கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

குப்பத்தில் எடுத்த ரத்தக் குழாய்களை வைக்க மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உடைத்துக் கொடுத்திருந்தார்கள். செங்கல்பட்டு வந்து தெர்மாஸைத் திறந்தால் ஐஸ் உருகி, நான் கோந்து போட்டு ஒட்டியிருந்த பேர்ச்சீட்டுகள் கழன்று மிதந்தன. மாடி முழுக்க மீன் வாடை. எனக்கு உயிரே போய்விட்டது. எது யாருடையது என்று குழாயில் ரத்தம் இருந்த அளவை வைத்து ஞாபகப்படுத்தி மறுபடியும் ஒட்டினேன். அன்றைக்கு அதே தட்டில் வேறு நோயாளிகளின் குழாய்களும் இருந்தன.

ரத்த வகை பார்த்தேன். வெள்ளைப் பீங்கான் ஓட்டின் குழியில் மருந்தோடு ரத்தத்தைக் கலந்தால், சேருகிற வகையாக இருந்தால் ரவை ரவையாகத் திரியும். அந்த அம்மாளுடையது இரண்டு மருந்திலும் திரிந்தது. ஏபி வகை. மகளுடையது இரண்டிலும் திரியவே இல்லை. ஓ வகை. ஏபி வகைத் தாய்க்கு ஓ வகைப் பிள்ளை பிறக்காது. இது முதல் வருஷப் பாடம்.

தகப்பன் விஷயத்தில் என்றால் மனசு எங்கெங்கோ போயிருக்கும். தாய் விஷயத்தில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஆக, குழாயை நான்தான் மாற்றிவிட்டேன், வேறு யாருடைய ரத்தத்துக்கோ இவர்கள் பேரை ஒட்டிவிட்டேன் என்று முடிவு கட்டினேன். டாக்டரிடம் சொன்னால் திரும்பப் போய் எடுத்து வா என்பார். அதைவிட, என்னைப் பற்றி வைத்திருந்த நல்ல பேர் போய்விடும். வகை என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, படத்தை மட்டும் அழகாக வரைந்து கொடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, பிரமாதம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் செய்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

அம்மாவின் வட்டத்தில் மையாலேயே புள்ளி வைக்கச் சொன்னார் டாக்டர். தம்பிக்கும் மகனுக்கும் நோய் இருப்பதால் அவளிடம் அது இருப்பது நிச்சயம். மகளுக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. அவள் ரத்தத்திலேயே அந்த எட்டாவது பொருள் குறைகிறதா என்று பார்க்க முடியுமா என்று கேட்டேன். கர்ப்பக் காலத்தில் அது தானாகவே ஏறிவிடும், அளந்தால் ஏமாந்துபோவோம், படம்தான் நமக்குக் கதி என்றார். அதனால் மகளின் வட்டத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அடுத்த வாரம் அவளும் அவள் புருஷனும் வந்தார்கள். புருஷன் வாய் திறக்காத ஆள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இருந்தால் இப்படி, இல்லாவிட்டால் அப்படி, பெண் குழந்தை என்றால் இப்படி. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று அப்போது இங்கே பார்க்க வழியில்லை. குழந்தையை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றால் சட்டப்படியே வழி உண்டு என்று மட்டும் சொல்லிவிட்டு, வேறு நோயாளியைப் பார்க்க எழுந்து போனார்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. மேசையில் விரித்திருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் நான் எது என்று கேட்டாள். அவளுடைய வட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"உள்ள இன்னாக்கா அது? வயித்துல கீற புள்ளயா?"

இல்லை, அது நோய் இருக்குமோ என்ற சந்தேகம் என்றேன். அவள் கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்த்தாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"ஒருத்தன தூக்கிகினு கீறனே, போதும்க்கா. ராவும் பகலும் வலியில அவன் கத்தறத கேட்டுகினு கீறேன். என் வயித்துலயும் ஒண்ணு அப்பிடி வரவேணாம்."

சந்தேகம்தான், நிச்சயம் இல்லை என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதற்கு மேல் அழுத்திச் சொல்லவில்லை. காலியாக இருந்த அந்தக் கட்டம் படத்தின் கீழேயே இருந்தது. என் கண் அதில் பட்டது. வாயைத் திறக்கவில்லை.

மெட்ராஸ் போய் வந்தார்கள். பத்து நாள் கழித்துப் பையனுக்குக் கட்டுப் போட வந்தபோது அவள் வயிறு தட்டையாக இருந்தது. இடுப்பில் அவனைத் தூக்கி வரவில்லை. புருஷன் தூக்கி வந்தான். அவள் பெஞ்சியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அந்த மழைக்காலத்தில் பையன் போய்விட்டான். கரையில் ஏற்றி வைத்திருந்த கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்தவன் வழுக்கி விழுந்தான். தலையில் ஒரு கீறல்கூட இல்லையாம். தலை வலிக்கிறது என்றான், வாந்தி எடுத்தான், மறுநாள் முழிக்கவில்லை. ரத்தம் வெளியே ஒரு சொட்டு வரவில்லை, எல்லாம் உள்ளேயே. சேதி வர நான்கு நாளாகிவிட்டது. டாக்டர் என்னைப் போய் விசாரித்துவிட்டு வரச் சொன்னார்.

சவுக்குத் தோப்பு சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அக்கா தண்ணீருக்குப் போயிருந்தாள். அந்த அம்மாள் மட்டும் சுவரோரமாக, பையன் படுத்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் அழாமலே சொன்னாள்.

"பெத்தது போயிடிச்சு நர்ஸம்மா. பெக்காதது ஒண்ணு கீது. அதுக்கும் என் பாலுலயே விசத்த குடுத்து வளத்துட்டேன்."

துக்கத்தில் ஏதோ பேசுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் மெதுவாக, பெக்காதது என்றால் யார் என்று கேட்டேன். கேட்கும்போதே அந்த வெள்ளை ஓடு என் கண் முன்னால் வந்துவிட்டது. ஒரு குழியில் ரவை ரவையாக, இன்னொன்றில் தெளிவாக.

அவள் சொன்னது இதுதான்: அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் மகள்தான் இந்தப் பெண். அவளைப் பெற்றவள் பத்தாம் நாளே காய்ச்சலில் போய்விட்டாள். தம்பி பெண்டாட்டியான இந்த அம்மாளுக்கு அதே வாரம் பிறந்த தலைப்பிள்ளை தங்கவில்லை. மார் கட்டிக்கொண்டு வலித்த நேரம், தாயில்லாத குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு எடுத்துக்கொண்டவள்தான். ஒன்பது வருஷம் கழித்துப் பையன் பிறந்தான். அண்ணனும் தம்பியும் ஒரே கட்டுமரத்தில், ஒரே புயலில் போனார்கள். நான் ஒரு சதுரம் வரைந்து ஒரு கோடு போட்ட இடத்தில் இரண்டு சதுரங்கள் இருந்திருக்க வேண்டும்.

தாயிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது என்று நான் சொன்னதை அவள் இத்தனை மாதமும் மனசில் போட்டு உழன்றிருக்கிறாள். பெறாத பிள்ளைக்குத் தன்னிடமிருந்து போனது பால் ஒன்றுதான். ஆக, பாலில்தான் போயிருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். மகள் கருவைக் கலைக்கும்போது தடுக்காமல் இருந்ததும் அதனால்தான். எந்த வாயால் தடுப்பேன் என்று என்னிடம் கேட்டாள்.

செங்கல்பட்டு திரும்பி டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலியாக விட்ட கட்டத்தையும், கழன்ற சீட்டுகளையும் சேர்த்துச் சொன்னேன். வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கூடப்பிறந்தவன் என்று நீ எழுதியதை நானும்தானே படித்தேன், வளர்த்தவள் பக்கத்தில் இருக்கும்போது கேட்டாயா தனியாகக் கேட்டாயா என்று நான் கேட்கவில்லையே என்றார். பிறகு, போய் அந்தப் பெண்ணிடம் சொல், இனி அவள் பயப்பட வேண்டியதில்லை என்றார். நானே போய்ச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவர் எனக்குக் கொடுத்த தண்டனை என்று நினைக்கிறேன்.

அவளைக் கரைப்பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போனேன். வலை காய்ந்துகொண்டிருந்தது. உன்னைப் பெற்ற அம்மா வழியில் யாருக்கும் இப்படி இருந்ததா என்று முதலில் கேட்டேன். இல்லை, தாய்மாமன்கள் நான்கு பேரும் கல்லுமாதிரி இருக்கிறார்கள் என்றாள். அன்றைக்கு ஏன் கூடப்பிறந்தவன் என்றாய் என்று கேட்டேன்.

"அம்மா பக்கத்துல குந்திகினு இருக்கசொல்ல, சித்தப்பா புள்ளன்னு எப்பிடிக்கா சொல்றது?"

நோய் பாலில் வராது, பெற்றவள் வழியாக மட்டும்தான் வரும், உனக்கு அது இல்லை, உன் பிள்ளைகளுக்கும் வராது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். என் தப்பையும் சொன்னேன். அவள் காலால் மணலைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். எனக்குத் திட்டு விழும் என்று நின்றேன்.

"அப்ப அது நல்லாத்தான் பொறந்திருக்குமா?"

ஆமாம் என்றேன். அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. நானும் உட்கார்ந்தேன். வெயில் சாய்கிற வரைக்கும் இருந்தோம். எழுந்திருக்கும்போது புடவையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மாவாண்ட இதெல்லாம் சொல்லாதக்கா. தெரிஞ்சா, பெக்கலன்றத சொல்லாம வாய மூடிகினு இருந்து புள்ளய கொன்னுட்டனேன்னு செத்துரும். புதுசா இன்னாவோ டெஸ்ட்டு எடுத்தாங்க, எனக்கு இல்லன்னு வந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

அவர்கள் வீட்டுக்கு வந்து அந்த அம்மாளிடம் அப்படியே சொன்னேன். மெட்ராஸில் புதிதாக ஒரு பரிசோதனை வந்திருக்கிறது, அதில் பார்த்ததில் உங்கள் மகளுக்கு அந்த நோய் ஒட்டவில்லை, இனி தைரியமாகப் பிள்ளை பெறலாம் என்றேன். பொய்யும் எனக்குக் கச்சிதமாகத்தான் வந்தது. அந்த அம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் தலையைத் தடவினாள். நான் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

அந்த அம்மாள் பின்னாலேயே வந்தாள். மகள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ரெண்டு வருசம் குடுத்தேன் நர்ஸம்மா. அப்ப என் பாலு அவ ஒடம்புல ஒட்டவே இல்லியா?"

ஒட்டியிருக்கிறது அம்மா என்றேன்.